பஞ்சவர்ணம் தனக்குப் போட்ட ஏழு முட்டை

பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு எழுதுகிற பழக்கம் எனக்கு அப்போது உண்டு. தொட்டால் எழுத்து பளிச்சென்று விழும் என்று ஒரு நம்பிக்கை. அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தொட்டேன். நாக்கெல்லாம் காரீயம்.

நரிக்குடியில் ஒரு தகரக்கூரைக் கட்டடம். மேலே மின்விசிறி சுற்றுக்கு ஒரு தரம் முனகிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வேலை, பெஞ்சில் நாங்கள் ஆறு பேர். ஆளுக்கொரு பாரம். தாளில் சைக்ளோஸ்டைல் மை இன்னும் காயாமல் விரலில் ஒட்டியது.

பாரத்தின் தலைப்பு இது: ‘உங்கள் புத்தியை நீங்களே மதிப்பிடுங்கள்.’

புத்தி என்றால் ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதுவும் அது என்னிடம்தான் இருக்கிறது என்று. இந்தத் தாளோ ஏழு என்றது. பேச்சுப் புத்தி, கணக்குப் புத்தி, இடம் அறியும் புத்தி, உடல் புத்தி, இசைப் புத்தி, பிறரை அறியும் புத்தி, தன்னை அறியும் புத்தி. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். போட்டுக்கொள்ள வேண்டியது நாமே.

நம் பரீட்சையை நாமே திருத்துவது! பள்ளிக்கூடத்தில் எத்தனை வருஷம் கண்ட கனவு!

அறுபத்தேழு

பேச்சுக்குப் பத்து. யோசிக்கவே இல்லை. கணக்குக்கும் பத்து. பி.எஸ்ஸி. கணக்குப் படித்தவன் ஒன்பது போட்டால் கல்லூரிக்கு அவமானம்.

இடம் அறியும் புத்திக்குப் பத்து. முந்தின மாதம்தான் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் திருச்சுழி பஸ் என்று நினைத்து விருதுநகர் பஸ்ஸில் ஏறித் தூங்கிப்போயிருந்தேன். அது பஸ்ஸின் தப்பு.

உடல் புத்திக்கு ஒன்பது. அடக்கம் வேண்டும் அல்லவா? இசைக்கு எட்டு. பாட வராது, ஆனால் விசில் அடிப்பேன். பிறரை அறிவதில் பத்து. தன்னை அறிவதில் பத்து. பதினொன்று போடக் கட்டம் இல்லை.

கூட்டினால் எழுபதுக்கு அறுபத்தேழு. நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் என் மனைவி பஞ்சவர்ணம், மடியில் தூக்குச்சட்டியை இடுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் வேலைக்கு வந்தவள் அல்ல. எனக்குத் துணைக்கும் தூக்குச்சட்டிக்கும் வந்தவள். அங்கே பொறுப்பிலிருந்த ஆபீசரம்மா கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். “சும்மா உக்காந்திருக்கறதுக்கு நீங்களும் எழுதுங்க” என்று அவள் கையிலும் ஒரு பாரத்தைக் கொடுத்துவிட்டார். நான் சிரித்தேன். “அவளுக்கு எதுக்குங்க மேடம், அவ பத்தாவதுதான்” என்றேன். ஆபீசரம்மா என்னைப் பார்த்த பார்வையை அன்று நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பிறரை அறியும் புத்தி, பத்து.

மெல்ல எட்டிப் பார்த்தேன். ஏழு கட்டத்திலும் ஏழு முட்டை. கோழி இட்டதுபோல ஒரே அளவில், வரிசையாக.

“என்னத்தா இது, பூராம் முட்டையாப் போட்டிருக்க?”

“நீங்க உங்க தாளப் பாருங்க.”

“ஒண்ணு ரெண்டாச்சும் போடு. மானம் போகுது.”

“உங்க மானத்துக்குத்தான் அறுபத்தேழு இருக்குல்ல? அதுல ரெண்டு பேரும் இருந்துக்கிருவோம்.”

தன் தாளை எழுதிக்கொண்டே, ஓரக்கண்ணில் தெரிந்த என் தாளையும் அவள் கூட்டிவிட்டிருந்தாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஜமால் சொன்ன பாரக் கதை

எனக்கு நானே அள்ளி வழங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு என் சிநேகிதன் ஜமாலிடம் போக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் யாரும் தனக்கு ஒன்று தெரியும் என்று சொல்வதில்லை. நூறு பேருக்குப் பிரியாணி போடுகிறவரைக் கேளுங்கள், “ஏதோ அரிசிய வேக வைப்பேன்” என்பார். பாளையம்பட்டியில் ஒரு தையல்காரர் இருந்தார். அளவெடுக்காமல், ஆள் நடந்து வருவதைப் பார்த்தே சட்டை வெட்டுவார். கேட்டால், “கிழிசல் தச்சுக் குடுப்பேன்” என்பார். அடக்கம் மட்டும் இல்லை இது. தெரியும் என்று சொன்னவன் தலையில் ஊர் வேலை அத்தனையையும் கட்டிவிடுவார்கள். ஒரு கல்யாணத்தில் “மைக் செட்டு போடத் தெரியும்” என்று வாய்விட்டவன் ஆயுளுக்கும் மைக் செட்டுதான்.

ஜமாலும் இந்த மண்ணில் பிறந்தவன். என்ஜினைக் கழற்றிக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவான். வளைகுடாவுக்குப் போனபோது கம்பெனியில் ஒரு பாரம் கொடுத்து, “உனக்கு என்ன வேலை தெரியும்?” என்று கேட்டிருக்கிறார்கள். இவன் அருப்புக்கோட்டை வழக்கப்படி, “ஏதோ கொஞ்சம்” என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். ஏதோ கொஞ்சம் தெரிந்தவனுக்கு என்ன வேலை கொடுப்பார்கள்? பாத்திரம் கழுவ விட்டார்கள். ஜெனரேட்டர் நின்றுபோன ஒரு நாளில் இவன் கை சும்மா இருக்காமல் ஓடவைத்த பிறகுதான் ஆள் யாரென்று தெரிந்ததாம்.

திரும்பி வந்து அருப்புக்கோட்டையில் கடை போட்டிருந்தவன், நான் நரிக்குடிக்குப் போகிறேன் என்றதும் சொன்னான்:

“ஏலே, பாரத்துல கூச்சப்படாத. நம்ம ஊரு அடக்கம் நம்ம ஊரு எல்லையோட சரி. பத்துக்குப் பத்து போடு.”

போட்டேன். தப்பு ஜமாலுடையது அல்ல. அவனுக்குத் தெரிந்த வேலையை அவன் எழுதாமல் விட்டான். எனக்குத் தெரியாத வேலையை நான் எழுதிவிட்டேன்.

பதினோரு ஆடு

போன வாரம் இங்கே நான் எழுதிய, என் சைக்கிள் திருட்டுப்போன கதையைப் படித்துவிட்டு, ‘நீங்கள் எதற்குமே பதறமாட்டீர்களா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஐயா, பதற்றத்துக்கு மார்க் உண்டென்றால் மாநிலத்தில் முதலிடம் எனக்குத்தான். அந்த நாட்களில் பதற உண்மையாகவே விஷயமும் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்யாணமாகி நாலைந்து வருஷம். திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே எங்கள் ஊர். மழை வந்தால் சோளம், வராவிட்டால் அண்ணாந்து பார்ப்பது. படித்த படிப்புக்கு அங்கே வேலை இல்லை. திருப்பூரில் பெரியப்பா மகன் பனியன் கம்பெனியில் சொல்லிவைத்திருந்தான். திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டான்.

பஞ்சவர்ணத்திடம் பதினோரு வெள்ளாடுகள் இருந்தன. கல்யாணத்தின்போது அவள் வீட்டில் கொடுத்தது ஒரே ஒரு பெட்டைக்குட்டி. அதைப் பதினொன்றாக்கியது அவள். திருப்பூரில் ஒற்றை அறை. ஆட்டைக் கொண்டுபோக முடியாது. அருப்புக்கோட்டை வியாபாரி ஒருவர் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஓட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் பதினோரு ஆட்டுக்கும் தனித்தனியாக இலை ஒடித்துப் போட்டாள். வழக்கமாக மொத்தமாகப் போடுகிறவள்.

அந்த வாரத்தில்தான் இந்த நரிக்குடி வேலை காதில் விழுந்தது. வெளியூர்த் தொண்டு நிறுவனம் ஒன்று, ஊர் ஊராகப் போய் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட ஓர் ஆள் தேடியது. பயிற்சி அவர்களே தருவார்கள். ஒரே ஒரு இடம். அது கிடைத்தால் திருப்பூர் இல்லை, வியாபாரியும் இல்லை.

ஆடு என்றால் எனக்குக் குழம்பு வரைக்கும் தெரியும். மீதியைப் பேச்சில் சமாளிக்கலாம் என்று கிளம்பினேன்.

காதுகுத்து வீட்டுச் சோறு

பாரம் எழுதிய மறுநாள் எங்கள் ஆறு பேரையும் ஜீப்பில் ஏற்றிப் பரளச்சிப் பக்கம் ஒரு ஊருக்குக் கூட்டிப்போனார் ஆபீசரம்மா. “ஆடு வெச்சிருக்கறவங்ககிட்டப் பேசுங்க, நான் பார்க்கறேன்” என்றார். அவ்வளவுதான் பரீட்சை.

இறங்கியதுமே ஒரு அழுகைச் சத்தம். இருளாயி என்று ஒரு அம்மா. அவருடைய சினை ஆடு வேப்பமரத்தடியில் காலை அகட்டிக்கொண்டு நின்றது. வயிறு பானை மாதிரி. வாயில் நுரை. பல்லை நறநறவென்று கடித்தது.

மற்ற நாலு பேரும் ஓரமாக நின்றார்கள். அறுபத்தேழு மார்க் வாங்கியவன் நிற்கலாமா? முன்னே போனேன்.

“பயப்படாதீங்கம்மா. இது ஜீரண மண்டலம் சம்பந்தப்பட்டது” என்றேன்.

“எது சம்பந்தப்பட்டதா இருந்தா என்னய்யா, ஆடு சாகுது!”

டாக்டர்கள் செய்வதைப்போல ஆட்டின் வலது வயிற்றில் காதை வைத்தேன். உப்பியிருந்தது இடது பக்கம் என்பதைப் பிறகு சொன்னார்கள். ஆட்டுக்கு இருந்த வேதனையில் ஒரு உதை விட்டது. அடுத்து நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தேன். என் செருப்பு ஒன்று தண்ணீரில் மிதந்தது.

அந்நேரம் ரோட்டில் டவுன் பஸ் வந்தது. தொட்டி மேலிருந்தே இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன். “நிறுத்துங்க! நிறுத்துங்க! உசுரு போகுது! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!”

பஸ் நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “ஏறப்போறது ஆளா, ஆடா?”

“ஆடு!”

“ஆட்டுக்கு நீ ஏன்யா தொட்டியில ஏறி நிக்க?”

பஸ் முழுக்கச் சிரிப்பை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

தொட்டி மேலிருந்து பார்த்தது

பஞ்சவர்ணம் அதுவரை ஆட்டின் பக்கமே போகவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஆட்டுக் குளம்படி வந்த வழியே பத்து எட்டு போய், ஒரு சந்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“யக்கா, நேத்து அந்த வீட்டுல என்ன விசேசம்?”

“காதுகுத்து. ஏந்தாயி?”

“மிஞ்சின சோத்தைச் சந்துல கொட்டிருக்காக. தாடியில பாருங்க, பருக்க ஒட்டியிருக்கு.”

ஆட்டின் தாடியில் இரண்டு சோற்றுப் பருக்கை. அதன் முகத்துக்கு முகம் வைத்து ஜீரண மண்டலம் பேசியவன் நான். என் கண்ணில் படவில்லை.

பிறகுதான் ஆட்டிடம் போனாள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ‘ட்ளக், ட்ளக்’ என்று ஒரு சத்தம். அது தலையைத் திருப்பியது. இடது விலாவில் இரண்டு விரலால் தட்டினாள். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில். மூன்று சத்தம் கேட்டது. எனக்கு மூன்றும் ஒன்றுதான். அவளோ, “மேல பூராம் காத்து. கீழ சோறு. நேரம் இருக்கு” என்றாள்.

அடுத்து அவள் செய்ததுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். ஆட்டை விட்டுவிட்டு இருளாயி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யக்கா, நீங்க அழுதா அது மெரளுது. நீங்க பிடிச்சாத்தான் நிக்கும், எனக்கு நிக்காது. முன்னங்காலத் தூக்கி அந்தக் கல்லு மேல வைங்க. ஆ, அப்பிடித்தான்.”

அழுதுகொண்டிருந்தவருக்கு ஒரு வேலை கிடைத்ததும் அழுகை நின்றது. ஆடும் நின்றது. கூட்டமாக நின்றவர்களில் ஒருத்தியை ஆப்ப சோடாவுக்கும் ஒருத்தியைக் கடலை எண்ணெய்க்கும் அனுப்பினாள். வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்துக் குறுக்காக ஆட்டின் வாயில் கொடுத்தாள். அதை மென்றுகொண்டிருந்தால் ஏப்பம் வரும் என்றாள்.

காலி டானிக் பாட்டிலில் எண்ணெயையும் சோடாத் தண்ணீரையும் கண்ணளவில் கலந்தாள். ஆட்டின் தலையை மிகவும் தூக்கவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. கடைவாயில் கொஞ்சம் ஊற்றுவாள், தொண்டை அசைகிறதா என்று பார்ப்பாள், மறுபடி கொஞ்சம். அவசரமே இல்லை. அவளுடைய ஆடுகளை வெள்ளிக்கிழமை ஓட்டிப்போக ஆள் வரப்போகிறது என்று அந்தக் கையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

தொட்டி மேல் நின்ற எனக்குப் பாரத்தின் கட்டங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. உடல் புத்தி என்றால் ஓடிப் பிடிப்பது, மரமேறுவது என்று நினைத்திருந்தேன். ஒரு பாட்டிலைச் சாய்க்கிற கோணம் என்று யார் சொன்னார்கள்? இசைப் புத்திக்கு விசிலை நம்பி எட்டு போட்டிருந்தேன்; அவளோ தட்டின சத்தத்திலேயே காற்றையும் சோற்றையும் பிரித்துவிட்டாள்.

கால் மணி நேரம் இருக்கலாம். ஆடு ஒரு ஏப்பம் விட்டது. அப்படி ஒரு ஏப்பத்தைக் காதுகுத்து விருந்தில்கூட யாரும் விட்டிருக்க மாட்டார்கள். ஊரே கைதட்டியது. புளித்த நாற்றம் தொட்டி வரைக்கும் வந்தது.

பஞ்சவர்ணம் கைதட்டலைக் காதில் வாங்கவில்லை. “இது ஒண்ணு மட்டும் சந்துக்குப் போகலயே. காலடி நாலு ஆட்டுதா இருக்கு. மத்த மூணு யாரோடது? கொண்டாங்க” என்றாள்.

தேடிப்போய்ப் பார்த்தார்கள். மூன்றும் கிடைத்தன. வேறு வேறு வீட்டில், அப்போதுதான் வயிறு கனக்கத் தொடங்கிய நிலையில்.

பென்சில் என் கைக்கு வந்தது

திரும்பி வந்ததும் ஆபீசரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். சுற்றிவளைக்காத மனுஷி.

“தம்பி, கோவிச்சுக்காதீங்க. ஆட்டைப் பார்த்துத் தொட்டி ஏறறவரை நான் ஊருக்குள்ள அனுப்ப முடியாதுங்க.”

“சரிங்க மேடம்.”

“உங்க மனைவியைத்தான் எடுக்கணும்னு எனக்கு. ஆனா அவங்க பாரம் முழுக்கச் சைபர். இதை மேலிடத்துக்கு அனுப்பினா, தன்மேல நம்பிக்கையில்லாத ஆள்னு தள்ளிருவாங்க. அப்புறம் மார்க் அதிகமா இருக்கற இன்னொருத்தருக்குத்தான் போகும்.” பஞ்சவர்ணத்தின் பக்கம் திரும்பினார். “ஏனுங்க சைபர் போட்டீங்க? அவ்வளவு கூச்சமா?”

“கூச்சமெல்லாம் இல்லைங்க. பத்து போட்டா, சரின்னு நம்பிருவீக. சைபர் போட்டா, நெசமாவான்னு வந்து பாப்பீக. பாத்துட்டு முடிவு பண்ணட்டும்னு போட்டேன்.”

ஆபீசரம்மா பாரத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

“பார்த்தாச்சு. இப்ப நீங்களே மாத்திப் போடுங்க.”

“நான் போட்டா அது எனக்கு நானே சொல்லிக்கிறது. பாத்தவுக போடட்டும்.”

“நான் போடக்கூடாதுங்க, தேர்வு செய்யறதே நான். உங்களை நல்லாத் தெரிஞ்ச வேற யாராவது போட்டாச் செல்லும்.”

பஞ்சவர்ணம் என் பக்கம் தலையைச் சாய்த்தாள். “இவுக பாத்துக்கிட்டுத்தான் இருந்தாக. தொட்டி மேல நின்னதுனால நல்லாவே தெரிஞ்சிருக்கும்.”

பாரம் என் முன்னால் வந்தது. பென்சிலும் வந்தது.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பென்சிலைத் தாளில் வைக்காமல், முதலில் மனதுக்குள் வேறொரு கணக்குப் போட்டேன். பத்து பத்தாகப் போட்டால் இவள் வேலைக்குப் போவாள். நான்? டீக்கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சு நிற்கும். பொண்டாட்டி சம்பாதிக்க இவன் உட்கார்ந்திருக்கிறான் என்பார்கள். கொஞ்சம் குறைத்து, நாலு, அஞ்சு என்று போட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. திருப்பூரில் நான் பனியன் கம்பெனிக்காரன், குடும்பத் தலைவன். ஆடு வியாபாரியோடு போகும். அவள் அதற்கும் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

அவள் பேசமாட்டாள் என்பதுதான் இடித்தது.

பேச்சுப் புத்திக்குப் பத்து போட்டேன். இருளாயி அம்மாவின் அழுகையை இரண்டு வரியில் நிறுத்தியவள். கணக்குக்குப் பத்து. காலடியில் நாலு ஆட்டை எண்ணியவள். அப்புறம் பென்சில் தானாகவே ஓடியது.

ஏழாவது கட்டத்தில் நின்றேன். தன்னை அறியும் புத்தி. ஏழு முட்டையைப் பார்த்துவிட்டு, பாவம் இவளுக்குத் தன்னைத் தெரியவில்லை என்று நேற்று பரிதாபப்பட்டவன் நான். பார்க்க வந்தால் போதும், மிச்சத்தைத் தன் கை காட்டிவிடும் என்று தெரிந்து வைத்திருந்தவள் அவள். அதற்கும் பத்து போட்டேன். அழுத்திப் போட்டதில் பென்சில் முனை மழுங்கியது.

அந்த வேலையில் அவள் எத்தனையோ வருஷம் இருந்தாள். தடுப்பூசி ஐஸ் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டி ஓட்டிப்போன ஆள் நான். டீக்கடையில் பேசத்தான் செய்தார்கள். அவரவர் ஆட்டுக்குச் சீக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். வியாபாரி வெள்ளிக்கிழமை வந்து, மோர் குடித்துவிட்டு, கொண்டுவந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்.

திரும்பும் பஸ்

அன்று சாயங்காலம் ஊர் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். என் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தார் ஆபீசரம்மா. அழி ரப்பர் இல்லை. எச்சில் தொட்டு விரலால் தேய்த்தேன். தாளில் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம். அடித்துவிட்டுப் பக்கத்தில் புது மார்க் எழுதிக்கொண்டு வந்தேன். உடல் புத்தி ஒன்று. இடம் அறியும் புத்தி இரண்டு. தன்னை அறிவதற்கு என்ன போடுவதென்று தெரியாமல், தெரியாததே போதுமென்று முட்டை போட்டேன். பிறரை அறியும் புத்திக்கு மூன்று.

பஞ்சவர்ணம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. அது கொஞ்சம் வலித்தது. கடைசியில் என் கையிலிருந்த மொட்டைப் பென்சிலை வாங்கினாள். பிறரை அறியும் புத்தியில் மூன்றை அடித்துவிட்டு, பஸ் குலுக்கலில் கோணலாக, நாலு என்று எழுதினாள்.

“இது எதுக்கு?”

“இன்னைக்கு ஒரு ஆளுக்குச் சரியாப் போட்டீகள்ல. அதுக்கு ஒண்ணு.”